வாரம் ஒருமுறை ‘எப்படி இருக்கீங்க?’

2017 ஜூன் மாதம் சிகாகோவில் அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கத்தின் ஆண்டு மாநாடு. உலகெங்கிலுமிருந்து பல்லாயிரம் மருத்துவர்கள் கூடும் இடம். அதன் பிரதான அரங்கில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆய்வுகளுக்குத்தான் வாய்ப்பு. வழக்கமாக அந்த மேடை ஏறுபவை புது மருந்துகள். அந்த வருடம் அவற்றோடு ஒரு கேள்விப் பட்டியலும் ஏறியது.

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் ஈதன் பாஷ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் நடத்திய சோதனை அது. உடலின் வேறு பாகங்களுக்கும் பரவிவிட்ட புற்றுநோய்க்கு கீமோ எடுத்துக்கொண்டிருந்த 766 பேர் அதில் சேர்ந்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு பிரிவினர் 12 உபாதைகளைப் பற்றி அவ்வப்போது கணினியில் பதிய வேண்டும். பசிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, குமட்டுகிறதா, மலச்சிக்கலா, கை கால் மரத்துப்போகிறதா, எவ்வளவு அசதி? இப்படிப்பட்ட கேள்விகள். ஏதாவது ஒன்று சட்டென்று மோசமானால் நர்ஸுக்கு மின்னஞ்சல் போகும்.

அவ்வளவுதான். புது ஊசி கிடையாது, புது மாத்திரை கிடையாது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்கள் சராசரியாக 26 மாதம் உயிரோடு இருந்தார்கள். கேள்விகளுக்குப் பதில் சொன்னவர்கள் 31.2 மாதம். பரவிய புற்றுநோயில் ஐந்து மாதம் கூட்டித் தரும் மருந்தொன்று சந்தைக்கு வந்தால் அதன் விலையை லட்சங்களில்தான் எழுதுவார்கள்.

இன்று புற்றுநோயாளிகளுக்காகவும், அதிலிருந்து மீண்டவர்களுக்காகவும் வரும் கைபேசிச் செயலிகள் பலவும் இந்த ஆய்வின் தோளில்தான் ஏறி நிற்கின்றன. அவற்றில் எது அந்தத் தோளுக்குத் தகுதியானது, எது வெறுமனே ஏறிக்கொண்டது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டிய நேரம் இது. ஏனென்றால் ஆட்கள் கொஞ்சநஞ்சமல்ல. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, கடந்த ஐந்தாண்டுகளுக்குள் புற்றுநோய் கண்டறியப்பட்டு உயிரோடு இருப்பவர்கள் உலகில் சுமார் 5 கோடியே 35 லட்சம் பேர். இந்தியாவில் மட்டும் சுமார் 32 லட்சம்.

‘அடுத்த தடவை சொல்லிக்கலாம்’

வெறும் கேள்விகள் ஒருவரின் ஆயுளை எப்படி நீட்டும்? பதில் மருத்துவத்தில் பாதி, மனித சுபாவத்தில் பாதி.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ என்று வைத்துக்கொள்வோம். நடுவில் இருபது நாள் வீட்டில். டாக்டரிடம் உட்காரும் ஐந்து நிமிடத்தில் பேச்செல்லாம் ஸ்கேனைப் பற்றியும் ரத்த அணுக்களைப் பற்றியும்தான். பக்கத்தில் மகனோ மருமகனோ நிற்கிறார். அவர் முன்னால் வயிற்றுப்போக்கைப் பற்றி எப்படிச் சொல்வது? “கால் எரியுதுன்னு சொன்னா மருந்தை நிறுத்திட்டா என்னப்பா பண்றது?” என்ற பயம் வேறு. ‘இது கீமோன்னா இருக்கத்தானே செய்யும்’ என்று பொறுத்துக்கொள்வதைப் பலர் ஒரு கடமையாகவே வைத்திருக்கிறார்கள். நோயாளிகளின் உபாதைகளில் பாதி வரை மருத்துவரின் குறிப்பேட்டுக்கு வருவதே இல்லை என்று மேலைநாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கும் நம் ஊர் புறநோயாளிப் பிரிவில் அது எவ்வளவு இருக்கும் என்பதை வாசகரின் அனுபவத்துக்கே விட்டுவிடலாம்.

காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வாக்கில் ரத்த வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்துபோகும். அப்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால் அது சாதாரணக் காய்ச்சல் அல்ல, அவசரம். உடனே ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும். வீட்டில் நடப்பதோ வேறு. ஒரு பாராசிட்டமால், ஒரு போர்வை, ‘காலையில பார்த்துக்கலாம்’.

கேள்விப் பட்டியலுக்குக் கூச்சம் இல்லை, அவசரமும் இல்லை. மலச்சிக்கலா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். பாஷின் ஆய்வில் எச்சரிக்கை மின்னஞ்சல் வந்தபோது 77 சதவீத நேரங்களில் நர்ஸுகள் ஏதாவது ஒரு நடவடிக்கை எடுத்தார்கள். தொலைபேசியில் ஆலோசனை சொன்னார்கள், வாந்திக்கு மருந்து எழுத ஏற்பாடு செய்தார்கள், கீமோவின் அளவைக் குறைக்கச் சொன்னார்கள். விளைவாக இந்தப் பிரிவினர் சராசரியாக 8.2 மாதம் கீமோவைத் தாங்கினார்கள். மற்றவர்கள் தாங்கியது 6.3 மாதம். ‘சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள்’ என்ற பயத்துக்கு நேர் எதிரான முடிவு. சொன்னவர்களுக்குத்தான் மருந்து நீடித்தது. ஒரு வருடத்துக்குள் அவசரப் பிரிவுக்கு ஓடியவர்கள் அவர்களில் 34 சதவீதம். மற்ற பிரிவில் 41.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த பகுதி இன்னொன்று. கணினியே பழக்கமில்லாத நோயாளிகளைத் தனியாகப் பிரித்து, அவர்களை மருத்துவமனைக்கு வரும்போது மட்டும் அங்கிருந்த கணினியில் பதியச் சொன்னார்கள். கடைசியில் பலன் கூடுதலாகக் கிடைத்தது இவர்களுக்குத்தான். ‘நம்ம ஜனங்களுக்கு இதெல்லாம் வராதுங்க’ என்று சொல்லும் அதிகாரிகள் யாராவது இருந்தால் இந்த ஒரு வரியை அச்சடித்து அவர்கள் மேஜைமேல் ஒட்டலாம்.

லெ மான் நகரத்து டாக்டர்

பாஷின் நோயாளிகள் சிகிச்சைக்கு நடுவில் இருந்தவர்கள். சிகிச்சை முடித்து வீட்டுக்குப் போனவர்களுக்கு இது பலிக்குமா? இந்தக் கேள்விக்கு நல்ல பதில் வந்தது பிரான்ஸிலிருந்து. கார் பந்தயத்துக்குப் பேர்போன லெ மான் நகரத்தில் ஃபாப்ரிஸ் தெனி என்ற புற்றுநோய் மருத்துவர் இருக்கிறார். நுரையீரல் புற்றுநோய்க்கு முதல் சுற்றுச் சிகிச்சை முடித்தவர்கள் வாரம் ஒருமுறை வீட்டிலிருந்தே ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும் என்று அவர் ஏற்பாடு செய்தார். எடை எவ்வளவு, இருமல், சளியில் ரத்தம், குரல் மாற்றம், முகத்தில் வீக்கம், பசியின்மை, மனச்சோர்வு என்று ஒரு டஜன் விஷயங்கள். எடைக் குறைவும் பசியின்மையும் சேர்ந்து வருகின்றனவா என்பதுபோல ஒன்றோடு ஒன்றைப் பொருத்திப் பார்க்கும் கணக்கொன்று பின்னால் ஓடும். அது சந்தேகப்பட்டால் டாக்டருக்குத் தகவல் போகும்.

சுமார் 120 பேர்தான், சிறிய ஆய்வு. 2017இல் வெளியான முடிவின்படி, படிவம் நிரப்பியவர்கள் சராசரியாக 19 மாதம் வாழ்ந்தார்கள், வழக்கப்படி ஸ்கேனுக்கு மட்டும் வந்துபோனவர்கள் 12 மாதம். காரணத்தை யோசித்தால் எளிமையானது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் என்றால், நோய் திரும்புவது ஸ்கேன் தேதிக்காகக் காத்திருப்பதில்லை. இரண்டு ஸ்கேன்களுக்கு நடுவில் அது பெருகி, ஆள் படுத்த படுக்கையான பிறகு தெரியவந்தால், அடுத்த சிகிச்சையைத் தாங்க உடம்பில் தெம்பு இருக்காது. தெனியின் படிவம் நிரப்பியவர்களில், நோய் திரும்பியபோது நான்கில் மூன்று பேர் இன்னும் நடமாடிக்கொண்டுதான் இருந்தார்கள். மற்ற பிரிவில் மூன்றில் ஒருவர். அதனால்தான் முழு அளவு சிகிச்சையை மறுபடி தொடங்க முடிந்தது. ‘மூவ்கேர்’ என்ற பெயரில் செயலியாக வளர்ந்த அந்தப் படிவத்துக்குப் பணம் கொடுக்க பிரெஞ்சு அரசின் மருத்துவக் காப்பீடு ஒப்புக்கொண்டது.

கோப்பில் இல்லாத எண்

‘சிகிச்சை முடிஞ்சிடுச்சு, இனிமே ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்.’ இந்த வாக்கியத்தைக் கேட்டவர்களிடம் பேசிப் பாருங்கள். சந்தோஷத்தோடு ஒரு திகைப்பும் சேர்ந்தே வந்திருக்கும். நேற்றுவரை வாரந்தோறும் ரத்தம் எடுத்து, எடை பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்ட இடம் கதவைச் சாத்திக்கொண்டதுபோல.

இந்தக் கட்டத்துக்கு முதலில் பெயரும் வடிவமும் கொடுத்தவர்களில் ஒருவர் ஃபிட்ஸ்ஹ்யூ மல்லன் என்ற அமெரிக்க மருத்துவர். முப்பதுகளின் தொடக்கத்தில் தன் நெஞ்சு எக்ஸ்ரேயில் தானே கட்டியைப் பார்த்தவர். பத்தாண்டுகள் கழித்து, 1985இல், மருத்துவ இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையில் மீண்டவரின் வாழ்க்கையை மூன்று பருவங்களாகப் பிரித்தார். சிகிச்சைக் காலம், அது முடிந்து பயத்தோடு நகரும் காலம், நோய் திரும்பாது என்ற நம்பிக்கை பெரும்பாலும் வந்துவிட்ட நீண்ட காலம். மருத்துவம் முதல் பருவத்திலேயே தன் கவனத்தையெல்லாம் செலவழித்துவிடுகிறது என்பது அவருடைய ஆதங்கம்.

இரண்டாம், மூன்றாம் பருவங்களில் உடம்பு பழைய கணக்குகளைத் தீர்க்க ஆரம்பிக்கும். மார்பகப் புற்றுநோய்க்கும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கும் கொடுக்கப்படும் டாக்சோரூபிசின், அதாவது நோயாளிகள் ‘சிவப்பு மருந்து’ என்று சொல்வது, இதயத் தசையைப் பலவீனப்படுத்தக்கூடும். வாழ்நாளில் மொத்தமாக எவ்வளவு ஏற்றப்பட்டது என்பதைப் பொறுத்து ஆபத்து ஏறும். விளைவு பத்து, இருபது வருடம் கழித்துக்கூடத் தலைகாட்டலாம். கழுத்தில் கரன்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்துக்கொண்டவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறையலாம். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்தவர்களுக்குக் கை வீங்கலாம். பாக்லிடாக்சல் போட்டவர்களுக்கு விரல் நுனியில் மதமதப்பு வருடக்கணக்கில் இருக்கலாம், சட்டைப் பொத்தானைப் போடுவதே பெரும்பாடு. இளம் வயதில் நெஞ்சில் கதிர்வீச்சு பெற்ற பெண்களுக்கு மார்பகப் பரிசோதனையை மற்றவர்களைவிடப் பல வருடம் முன்பே, இருபதுகளின் நடுவிலேயே தொடங்க வேண்டியிருக்கும்.

எட்டு வயதில் ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்ட ஒரு பெண் இருபத்தாறு வயதில் கர்ப்பமாகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகப்பேறு மருத்துவர் இதயத்தை எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டுமா என்று முடிவு செய்ய, பதினெட்டு வருடத்துக்கு முன்னால் ஏற்றிய சிவப்பு மருந்தின் மொத்த அளவு தெரிய வேண்டும். கோப்பு எங்கே? பரணில். அதற்குள் என்ன இருக்கிறது? ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், மெடிக்கல் பில்கள், வெளுத்துப்போன எக்ஸ்ரே உறை. அந்த ஒரு எண் மட்டும் இல்லை.

மீண்டவர்களுக்கான செயலி செய்ய வேண்டிய முதல் வேலை செயற்கை நுண்ணறிவும் இல்லை, நடந்த அடிகளை எண்ணுவதும் இல்லை. இந்த எண்ணைப் பத்திரப்படுத்துவதுதான். அமெரிக்காவில் டெக்சஸ் குழந்தைகள் மருத்துவமனையும் பேலர் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து உருவாக்கிய ‘பாஸ்போர்ட் ஃபார் கேர்’ இதைச் செய்கிறது. குழந்தைப் பருவத்தில் புற்றுநோய் வந்து மீண்டவர் பெற்ற மருந்து, மொத்த அளவு, கதிர்வீச்சு பட்ட இடம் ஆகியவற்றை அதில் ஏற்றினால், இன்ன வயதில் இன்ன பரிசோதனை என்று அவருக்கேயான பட்டியலை எடுத்துக் கொடுக்கும். ஐரோப்பாவிலும் ‘சர்பாஸ்’ என்று இதே மாதிரி ஒன்று உண்டு. பார்க்கக் கவர்ச்சியாக ஒன்றும் இருக்காது. விளம்பரத்துக்கு உதவாது. ஆனால் பயன் இதில்தான்.

நினைவூட்டினால் போதுமா?

கவர்ச்சியான பக்கத்துக்கு வருவோம். மாத்திரை நேரத்தில் மணியடிக்கும் செயலி, தினம் ஒரு ஊக்க வாசகம் அனுப்பும் செயலி, தியானம் சொல்லித் தரும் செயலி என்று ஏகப்பட்டவை. மணியடிக்கும் வகையை ஒரு பெரிய ஆய்வு சோதித்துப் பார்த்தது. மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரைகளைக் குறைந்தது ஐந்து வருடம் விடாமல் சாப்பிட வேண்டும். பாதியில் விடுபவர்கள் ஏராளம். எனவே அமெரிக்காவில் 700க்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, ஒரு பிரிவினருக்கு வாரம் இரண்டு குறுஞ்செய்தி வீதம் மூன்று வருடம் அனுப்பினார்கள். சாப்பிட்டார்களா என்று வாய்வார்த்தையை நம்பாமல் சிறுநீரைப் பரிசோதித்தார்கள். 2020இல் வந்த முடிவு: குறுஞ்செய்தி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. அந்த மாத்திரை மூட்டுகளைப் பிடித்துக்கொள்ளும். காலையில் எழுந்து தரையில் கால் ஊன்ற முடியாதவருக்கு மறதியா பிரச்சினை? ‘மாத்திரை சாப்பிடுங்கள்’ என்ற செய்தி அவருடைய முழங்காலை விசாரிக்கவில்லை. வலியைக் கேட்டு, அதைக் குறைக்க வழி சொல்லி, முடியாவிட்டால் வேறு மாத்திரைக்கு மாற்ற ஒருவர் வேண்டும். பாஷின் பட்டியலுக்கும் இந்தக் குறுஞ்செய்திக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஒன்று கேட்டது, மற்றது சொன்னது.

அசதியை மட்டும் குறிவைத்த ‘அன்டயர்’ என்ற நெதர்லாந்துச் செயலி ஓரளவு தேறியிருக்கிறது. நான்கு நாடுகளைச் சேர்ந்த 799 பேரிடம் சோதித்தபோது, பன்னிரண்டு வாரத்தில் பயன்படுத்தியவர்களின் அசதி மற்றவர்களைவிடக் குறைந்தது. பெரிய மாற்றம் அல்ல, ஆனால் மருந்தில்லாத உபாதைக்கு அதுவே பெரிது. இந்த வகைச் செயலிகளுக்கு உள்ள தீராத வியாதி, பாதியில் கைவிடப்படுவது. இணையவழி ஆரோக்கியத் திட்டங்களில் ஆட்கள் கழன்றுகொள்வதை ஒரு விதியாகவே குந்தர் ஐசன்பாக் என்ற ஆய்வாளர் 2005இலேயே எழுதிவிட்டார். மறுமுனையில் யாரும் இல்லையென்று தெரிந்தவுடன் யார்தான் தினமும் எழுதிக்கொண்டிருப்பார்கள்?

ஜெர்மனி இதற்குச் சட்டத்தின் வழியாக ஒரு பதில் தேடியது. 2019இல் இயற்றிய சட்டப்படி அங்கே மருத்துவர் மாத்திரையைப்போலச் செயலியையும் சீட்டில் எழுதித் தரலாம், காப்பீடு பணம் கட்டும். ஆனால் பலன் உண்டென்று நிறுவனம் நிரூபிக்க வேண்டும். குறித்த கெடுவுக்குள் நிரூபிக்காவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். மார்பகப் புற்றுநோயாளிகளுக்கான ‘பிங்க் கோச்’ அந்தப் பட்டியலில் இடம்பிடித்த ஒன்று. கெடுபிடியான ஏற்பாடுதான். நம் கைபேசியின் செயலிக் கடையில் எவர் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் ‘கேன்சர் கேர்’ என்று ஏற்றிவைக்கும் கூத்தைப் பார்க்கும்போது அந்தக் கெடுபிடி தேவலாம்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பாஷ் தன் பரிசோதனையை அமெரிக்காவின் 52 சாதாரண சிகிச்சை மையங்களுக்கு விரித்து, 1,191 நோயாளிகளோடு மறுபடி நடத்தினார். உபாதைகள் குறைந்தன, அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் கூடியது, முதல் தடவை அவசரப் பிரிவுக்கு ஓடுவது பல மாதம் தள்ளிப்போனது. ஆயுள் மட்டும் இந்தமுறை நீளவில்லை. ஆகவே ‘இந்தச் செயலி உயிர்காக்கும்’ என்று எந்த நிறுவனமாவது 2017ஆம் ஆண்டுக் கணக்கை மட்டும் காட்டினால், மற்ற ஆய்வு என்ன ஆயிற்று என்று கேட்கலாம். நோயாளி நிம்மதியாக நாளைக் கழிக்க உதவும் என்று சொன்னால் தாராளமாக நம்பலாம்.

யார் கையில் இருக்கிறது கைபேசி?

அந்த இரண்டாவது ஆய்வில் நோயாளிகளுக்கு ஒரு வசதி செய்துகொடுத்திருந்தார்கள். இணையத்தில் பதிய விருப்பமில்லையா? வாரம் ஒருமுறை தானியங்கித் தொலைபேசி அழைப்பு வரும், எண்ணை அழுத்திப் பதில் சொல்லலாம். கணிசமானவர்கள் இதையே தேர்ந்தெடுத்தார்கள். கேட்கப்பட்ட வாரக் கேள்விகளில் 91.5 சதவீதத்துக்குப் பதில் வந்தது. தமிழ்நாட்டுக்கு எடுத்துவர வேண்டியது இந்த வடிவத்தைத்தான் என்று நினைக்கிறேன். ஐம்பத்தெட்டு வயது அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். வீட்டிலுள்ள ஸ்மார்ட்போன் பேரனிடம். பேரன் கல்லூரியிலிருந்து வரும்வரை அம்மாவின் வாந்தி காத்திருக்காது. மணி அடிக்கட்டும், தமிழில் கேட்கட்டும், ‘ரொம்ப இருந்தா மூன்றை அழுத்துங்க’ என்று சொல்லட்டும்.

வீட்டுக்கே பொதுவான கைபேசியில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பெண்ணுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கும் வீட்டில் அம்மாவின் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை மாமன் மச்சானிடமே மறைத்திருப்பார்கள். அந்த வீட்டில் நடுக்கூடத்து மேஜைமேல் கிடக்கும் போனின் திரையில் ‘உங்கள் கேன்சர் பரிசோதனை நாள் நாளை’ என்று வெளிச்சம் போட்டால்? செயலி வடிவமைப்பவர்கள் இதை யோசித்தார்களா என்பது, திரையில் வரும் அறிவிப்பில் நோயின் பெயரை மறைக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

தகவல் வீட்டை விட்டு வெளியே போவதும் உண்டு. மருந்துத் தள்ளுபடி தரும் ‘குட்ஆர்எக்ஸ்’ என்ற அமெரிக்க நிறுவனம் பயனாளர்களின் மருந்து விவரங்களை ஃபேஸ்புக்குக்கும் கூகுளுக்கும் கொடுத்ததாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2023இல் வழக்குத் தொடுத்தது. 15 லட்சம் டாலர் அபராதம் கட்ட நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதே 2023இல்தான் இந்தியாவும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. இலவசம் என்று சொல்லும் செயலி, உங்கள் நோயின் நிலை, மருந்து, ஊர், சம்பளம் எல்லாவற்றையும் முதல் திரையிலேயே கேட்டால், இலவசத்துக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்று யோசிப்பது நல்லது.

கடைசியில் விஷயம் வந்து நிற்பது ஆளிடம்தான். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். புற்றுநோய் சிகிச்சை முடித்தவர் வீட்டில் அவர்கள் இன்னும் பத்துப் பன்னிரண்டு கேள்வி கேட்டுக் கைபேசியில் பதிவது பெரிய காரியமல்ல. பதிந்த பிறகு அது எங்கே போகும்? மறுமுனையில் ஒரு நர்ஸ் வேண்டும். வார்டு வேலையெல்லாம் முடிந்தபின் நேரம் இருந்தால் பார்ப்பவராக இல்லாமல், அதையே வேலையாகக் கொண்டவர். டாக்டரைக் கேட்டு மாத்திரையை மாற்றித்தரவும், ‘நாளைக்கே வாங்க’ என்று முன்பதிவைக் கொடுக்கவும் அதிகாரம் உள்ளவர். மென்பொருள் எழுதுவதைவிட இந்தப் பதவியை உருவாக்குவதுதான் செலவு. அதனாலேயே மென்பொருள் வெளியீட்டு விழாக்கள் நடக்கின்றன.

இப்போதைக்கு, ஒரு செயலியை இறக்கும் முன் மருத்துவமனையிடம் கேட்க வேண்டியவை: நான் பதிவதை யார் படிப்பார்கள், எத்தனை மணிக்குள், ஞாயிற்றுக்கிழமையும் படிப்பார்களா? ‘உங்க டாக்டர்கிட்ட நீங்களே காட்டிக்கலாம்’ என்பது பதிலானால் அது ஒரு நாட்குறிப்பு, அவ்வளவே. நாட்குறிப்பும் உதவும்தான், அடுத்த செக்கப்பில் மறக்காமல் சொல்ல. ஆனால் கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4ஐத் தொட்டால் அதில் எழுதிக்கொண்டிருக்காமல் வண்டியைப் பிடியுங்கள். சிகிச்சை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் நாளில் டிஸ்சார்ஜ் சீட்டோடு நான்கு விவரங்களை ஒரே தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: புற்றுநோயின் வகையும் நிலையும், கொடுத்த மருந்துகளின் பெயரும் ஒவ்வொன்றின் மொத்த அளவும், கரன்ட் வைத்த இடமும் அளவும், இனி எந்தப் பரிசோதனை எந்த மாதத்தில் என்பது. அதைப் படமெடுத்து உங்கள் போனிலும், வீட்டில் இன்னொருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.